அப்டேட்: ஜப்பான்ல இருக்குற தானிகாவா மலை, நிஷிகுரோ ரிட்ஜ் (மலை முகடு) வழியா ஏறிட்டு வந்தாச்சு

போன மாசம் இங்க கேட்டிருந்தேன்ல, அக்டோபர் நடுவுல டோக்கியோலேர்ந்து ஒரே நாள்ல போய்ட்டு வர்ற மாதிரி நிஷிகுரோ ஏறலாமா இல்ல ரோப்வேயே போதுமான்னு, ஏறுறப்ப ரிட்ஜ், இறங்குறப்ப ரோப்வேன்னு சொன்னவங்களுக்கு ரொம்ப நன்றி, அப்படியே செஞ்சேன்.

மலைக்குக் கிட்ட இருக்குற தோஆய் ரயில் ஸ்டேஷன்லயே ஏத்தம் ஆரம்பிச்சிடுச்சு. பிளாட்ஃபார்ம் பூமிக்கு அடியில, சுரங்கத்துக்குள்ள ஈரமா, சில்லுன்னு 462 படி ஏறித்தான் வெளிய வரணும். காட்டுக்குள்ள முதல் ரெண்டு மணி நேரம் வேர் மேல வேர், மூச்சு முட்டுது. மரம் முடிஞ்சதும் பாறையில பிடிச்சு ஏறுறதுக்கு சங்கிலி வருது. சங்கிலிய விட எனக்கு பயம் அந்தப் பாறைதான், இத்தன வருஷமா பூட்ஸ் பட்டுப்பட்டு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு, காஞ்ச பாறையிலயே ஒரு தடவ கால் வழுக்கி முட்டி சிராய்ச்சிடுச்சு. மழைன்னா தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க, இந்த மலையில இதுவரைக்கும் 800 பேருக்கு மேல செத்திருக்காங்க.

ஆனா திரும்பிப் பாத்தா, அடடா! மூங்கில் புல்லோட பச்சைக்கு நடுவுல நனகமாதோ (ஜப்பானிய ரோவன்) மரம் மட்டும் ரத்தச் சிவப்பு, அப்படியே உக்காந்துட்டேன்.

உச்சி ரெண்டு, ரெண்டுக்கும் பேர்ல 'காது'ன்னு வரும் (ஜப்பானிய மொழில 'மிமி'). தோமா நோ மிமி 1963 மீட்டர், ஓகி நோ மிமி 1977. நான் போய் நின்னப்ப ஒரு பக்கம் நீகாட்டா மாகாணம், அங்க முழுக்க மேகம், இன்னொரு பக்கம் குன்மா மாகாணம், அங்க பளிச்சுன்னு வெயில். காத்துல விரல் மரத்துப்போச்சு, கையுறை கட்டாயம் எடுத்துட்டுப் போங்க.

இறங்குறப்ப ரோப்வேக்குப் போற தென்ஜின் ரிட்ஜ்ல செம கூட்டம், கடைசி ரோப்வே நேரத்த முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க.