ஆம்பூர் பக்கம் ஒரே வீட்டில் பேய்ப்படம், 15 நாள் ஷெட்யூல். ஸ்கிரிப்டில் எதை வெட்டுவது?

பாலாற்றங்கரை:
வணக்கம். குறும்படங்களுக்குப் பிறகு முதல் முழுநீளப் படம், எழுத்தும் இயக்கமும் நானே. பட்ஜெட் 14 லட்சம். ஆம்பூர் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஒரு பழைய ஓட்டு வீடு கிடைத்திருக்கிறது, மே மாதம் 15 நாள். ஸ்கிரிப்ட் 118 பக்கம், 82 சீன், அதில் 50 சீன் ராத்திரி. வேலூர் கோட்டை அகழி ஓரம் ஒரு துரத்தலும் உண்டு. எங்கே குறைப்பது? யாரிடமும் உதவி இயக்குநராக இல்லாதவனுக்கு அடுத்த படம் அமையுமா? தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்க.

சீன் ஆர்டர்:
தம்பி, 118 பக்கத்தை 15 நாளால் வகுத்தால் நாளுக்கு 8 பக்கம். பகலில் ரெண்டு பேர் உட்கார்ந்து பேசுற சீன் என்றால் ஒரு நாளில் 6 பக்கம் வரை எடுக்கலாம். ராத்திரி வெளிப்புறம் 3 பக்கம் தாண்டாது, லைட்டை இடம் மாற்றவே முக்கால் மணி நேரம் போயிடும். 80 பக்கத்துக்குள் கொண்டு வாங்க.

வசனத்தில் கை வைக்காதீங்க, லொகேஷனை வெட்டுங்க. ஒரு யூனிட் ஷிஃப்ட், அதாவது மொத்தக் குழுவும் சாமானோடு இடம் மாறுவது, குறைந்தது ரெண்டு மணி நேரத்தைத் தின்னும். கோட்டை மத்திய தொல்லியல் துறை வசம் இருக்கிறது. தனி அனுமதி, கட்டணம் எல்லாம் இந்த பட்ஜெட்டுக்கு ஆகாது. துரத்தல் தோப்பிலேயே நடக்கட்டும். வரிசையாக நிற்கும் தென்னை மரம், பின்னால் ஒரே ஒரு லைட், கொஞ்சம் புகை: அகழியைவிட அது பயம் காட்டும்.

ராத்திரி உள்புற சீன்களைப் பகலில் எடுங்க. ஜன்னலை வெளிப்பக்கமிருந்து ரெட்டைக் கறுப்புத் துணியால் மூடினால் போதும்னு நினைப்பாங்க. ஓட்டு வீட்டில் அது போதாது. ஓட்டு இடுக்கு வழியா வெளிச்சம் ஊசி ஊசியா தரையில் இறங்கும், மானிட்டரில் தெரியாது, எடிட்டில் பல்லிளிக்கும். கூரை மேல் தார்ப்பாய் போடுங்க. அப்படி மூடிய வீட்டில் மே மாத வேலூர் வெயில் சேர்ந்தால் மேக்கப் இருபது நிமிஷம் தாங்காது, சின்ன கேமரா சூடேறி அணைந்தே போகும். டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளுங்க. ராத்திரியும் மே மாதத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளம்.

ரத்தத்துக்கு: பேக்கரி சாமான் கடையில் லிக்விட் குளுக்கோஸ் 1 கிலோ, வெந்நீர் 150 மில்லி, சிவப்பு ஃபுட் கலர் 2 டீஸ்பூன், கோகோ பவுடர் 1 டீஸ்பூன். கோகோ இல்லாவிட்டால் ரோஸ் மில்க் நிறத்தில் நிற்கும். இனிப்பு என்பதால் தோப்பு வீட்டில் எறும்பு மொய்க்கும், டேக் முடிந்த உடனே துடைக்கணும். கறை முழுசா போகாது. அந்த உடையில் 3 செட் வாங்கி, ரத்த சீன்களை ஷெட்யூல் கடைசியில் வையுங்க.

பூம் மைக்:
ஆம்பூரில் ஒரு பக்கம் சென்னை–ஜோலார்பேட்டை ரயில் பாதை, இன்னொரு பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலை. ரெக்கே (லொகேஷனை முன்கூட்டியே பார்க்க) போகும்போது ராத்திரி 10 மணியிலிருந்து 2 மணி வரை சும்மா உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்க, ஹாரன் வரும் நேரத்தைக் குறிச்சுக்குங்க. லைவ் சவுண்ட் (டப்பிங் இல்லாமல் ஸ்பாட்டிலேயே பதிவு) என்றால் ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் அசையாமல் நின்று ஒரு நிமிஷம் அமைதியைப் பதிவு பண்ணணும். இல்லாவிட்டால் ஷாட்டுக்கு ஷாட் சில்வண்டுச் சத்தம் குதிக்கும். ஜெனரேட்டர் 50 மீட்டராவது தள்ளி, சுவருக்குப் பின்னால். கேபிள் தடிமனா இருக்கட்டும், மெல்லிசு என்றால் வோல்டேஜ் இறங்கும்.

ஹார்ட் டிஸ்க்:
நொடிக்கு 400 மெகாபிட் வேகத்தில் பதியும் கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) என்றால் மணிக்கு 180 ஜி.பி. தினம் 2 மணி நேர ஃபுட்டேஜ் வைத்தால் 15 நாளுக்கு 5.4 டெராபைட். ரெண்டு காப்பி, ரெண்டு வேறு இடத்தில். ரெண்டையும் சரிபார்க்காமல் கார்டை அழிக்காதீங்க.

ஃபர்ஸ்ட் காப்பி:
உதவி இயக்குநராக இல்லாதது தடை இல்லை. சொன்ன நாளில், சொன்ன காசில் முடித்தாரா என்பதைத்தான் அடுத்த தயாரிப்பாளர் விசாரிப்பார். குறைந்த பட்ஜெட் படங்களுக்குப் பேர்போன அமெரிக்க இயக்குநர் ரோஜர் கார்மன் 1960-ல் வந்த ஒரு படத்தின் செட் காட்சிகளை 2 நாளில் முடித்தார் என்பார்கள். அதற்கு முன் நடந்த 3 நாள் ஒத்திகையை விட்டுவிடுவார்கள். நீங்களும் அந்த வீட்டிலேயே 4 நாள் ஒத்திகை பாருங்க, ஆகிற செலவு சாப்பாடும் பயணமும்தான்.

ஸ்கிரிப்டைத் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு பண்ணுங்க. நண்பர் பணம் போட்டாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேணும். உரிமை மாற்றத்தில் காலம் எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். டப்பிங், ரீமேக் உரிமையைத் தனித்தனி வரியா எழுதுங்க. முதல் பட இயக்குநர்கள் ஏமாறக்கூடிய இடம் இந்த ரீமேக். ‘ஏ’ சான்றிதழ் வாங்கினால் படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, அதனால் ரத்தம் எவ்வளவு என்பதை எழுதும்போதே முடிவு பண்ணுங்க.

பாலாற்றங்கரை:
ரொம்ப நன்றி அண்ணா. டிசம்பருக்கு மாத்திடறேன். இடைவேளையில் பலி கொடுக்க ஒரு கறுப்பு ஆட்டை இழுத்து வர்ற சீன் இருக்கு, அதுக்கு எதாவது அனுமதி வேணுமா?

ஃபர்ஸ்ட் காப்பி:
வேணும். விலங்கு நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கணும், அந்தச் சான்று இல்லாமல் சென்சாரில் நிற்கும். ஆட்டை ஃப்ரேமுக்குள் கொண்டுவரவே வேண்டாம். இழுபடுகிற கயிறும் கழுத்து மணிச் சத்தமும் போதும், மணி சட்டுனு நிற்கிற இடத்தில் இடைவேளை விடுங்க.