சேலம் விஜயராகவாச்சாரியார்: மலரில் கலவரத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

அன்புள்ள சேலத்துச் சொந்தங்களுக்கு,

நம் சங்கத்தின் சிறப்பு மலருக்கு, சேலத்து வக்கீலும் பின்னாளில் காங்கிரஸ் தலைவருமான விஜயராகவாச்சாரியாரைப் பற்றி எழுதுகிறவர்கள் 1882 கலவரத்தைச் சொல்லிவிட்டு நேரே காங்கிரஸ் தலைமைக்குத் தாவிவிட வேண்டாம். இடையில் அவர் நடத்திய நகரசபை வழக்குதான் அவர் வாழ்க்கையிலேயே கனமான பகுதி.

செங்கற்பட்டுப் பக்கம் பொன்விளைந்தகளத்தூரில் 1852-ல் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1875-ல் பட்டம், பிறகு ஆசிரியர் வேலை. சட்டத்தைத் தாமே படித்துத் தேறி 1881-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். சீமைக்குப் போய்ப் படித்தவர் இல்லை. ‘பாரிஸ்டர்’ என்று போடாதீர்கள். மறு வருடமே நகரசபை உறுப்பினர்.

அதே 1882-ல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இந்து-முஸ்லிம் கலவரம் வந்தது. பள்ளிவாசலை இடிக்கத் தூண்டினார் என்று அவர் மேல் குற்றம் சாட்டி 10 வருடத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. தண்டனை பெற்ற மற்றவர்களை விடுவிக்கக் கோரி வைஸ்ராய் ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டார். அவர்களை அந்தமான் செல்லுலார் சிறையில் அடைத்ததாக எழுதுவது தப்பு. அந்தக் கட்டடத்தை எழுப்பத் தொடங்கியதே 1896-ல்தான். இரு சமூகத்துப் பிள்ளைகளும் மலரைப் படிப்பார்கள். இந்த இடத்தில் தீர்ப்பில் உள்ளதை மட்டும் எழுதுங்கள், போதும்.

இனி வழக்கு. கலவரத்தை ஒட்டி அரசாங்கம் அவரை நகரசபையிலிருந்து நீக்கியிருந்தது. விடுதலை கிடைத்ததே போதும் என்று அவர் ஒதுங்கவில்லை. பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்திய விவகாரங்களுக்குப் பொறுப்பான இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்குப் போட்டார். நடத்தை சரியில்லாத உறுப்பினரை நீக்க 1871-ஆம் வருடத்து நகர மேம்பாட்டுச் சட்டம் கவர்னருக்கு அதிகாரம் தந்திருந்தது. அந்த அதிகாரத்தை உயர் நீதிமன்றம் மறுக்கவில்லை. குற்றம் இன்னதென்று சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே நீக்கலாம் என்றது. நஷ்டஈடு 100 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனால் தொழிலுக்கு வந்து சில வருடமே ஆன ஒரு வெளியூர் வக்கீல், அரசாங்கத்தைக் கோர்ட்டில் பதில் சொல்ல வைத்தது சின்ன விஷயமா?

தீர்ப்பைப் படிக்க விரும்புகிறவர்கள் இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் மெட்ராஸ் வரிசையில் 7-ஆம் தொகுதி, 466-ஆம் பக்கம் பாருங்கள், வருடம் 1884. வழக்கின் தலைப்பில் பெயர் ‘விஜய ராகவ’ என்று பிரிந்து அச்சாகியிருக்கிறது. முழுப் பெயரைப் போட்டுத் தேடினால் சிக்காது. தொகுதி, பக்க எண்ணை வைத்தே தேடுங்கள்.

பிந்தைய பதவிகளைச் சுருக்கமாகக் கொடுத்தால் போதும்: 1895 முதல் 1901 வரை சென்னை சட்டசபை, 1913 முதல் 1916 வரை மத்திய சட்டசபை, 1920 டிசம்பரில் நாக்பூர் காங்கிரஸ் தலைமை. நாக்பூரைப் பற்றி மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஒத்துழையாமைத் திட்டத்தை உறுதி செய்த மாநாடு அது. தலைமை வகித்த இவருக்கோ அதில் முழு உடன்பாடு கிடையாது. காந்தியின் சீடர் என்று எழுதிவிடாதீர்கள்.