இரவில கமரா சும்மா சும்மா அலேட் அடிக்குது, பகலில ஆள் வந்தும் பிடிக்கேல்லை: எங்க திருத்தோணும்?

கதியால்:
வணக்கம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில ஒரு வீட்டுக் கமராக்கள் பற்றின கேள்வி. விபரத்தை முழுக்கத் தாறன்.

முன் கமரா 4 மெகாபிக்சல், 2.8 மி.மீ. லென்ஸ். தாழ்வாரத்துக்குக் கீழ 11 அடி உயரத்தில பூட்டியிருக்கு. கேற் 45 அடி தள்ளி. கேற்றுக்கு வெளியில ஒழுங்கையும் தெரியும். இடது பக்கம் மதிலோட ரெண்டு வாழை. கறன்ற் வீட்டுக்குள்ள இருக்கிற 12 வோல்ற் அடப்டரில இருந்து, நெற்வேர்க் வயரில படத்துக்குப் பாவிக்காத மிச்சக் கம்பிகளுக்குள்ளால போகுது. வயர் 40 மீற்றர். பின்பக்கம் கிணத்தடியைப் பாக்கிறது பற்றறியில ஓடுற வைஃபை கமரா.

பிரச்சினை மூண்டு. ஒண்டு, பின்னேரம் ஏழு மணியில இருந்து விடியும்வரை முன் கமராவில இருந்து 150 அலேட்டுக்கு மேல. அசைவு உணர்திறனை 80 இல இருந்து 30 க்கு இறக்கினால் அலேட் குறையுது, ஆனால் கேற்றைத் திறந்து வாற ஆளையும் விறாந்தைக்குக் கிட்ட வந்த பிறகுதான் பதியுது. ரெண்டு, இரவில ரெண்டு மூண்டு தரம் முன் கமராப் படம் அறுந்து ஒரு நிமிசத்தால திரும்ப வரும். பகலில அப்படி இல்லை. மூண்டு, பின் கமரா விடியக்காலையில ஆளைப் பிடிக்குது, மத்தியானத்தில பிடிக்குதே இல்லை.

எதை முதல் திருத்தோணும்?

வயர்க்கட்டு:
முதல் வேலை, உணர்திறனைத் திரும்ப 60 க்கு ஏத்தி விடுங்கோ. அதைக் குறைச்சால் பூச்சியும் போகும், கள்ளனும் போவான். பிழை உந்த எண்ணில இல்லை.

உங்கட ரெண்டாவது பிரச்சினையில இருந்து தொடங்குங்கோ, ஏனெண்டால் அது மற்றதையும் குழப்பும். இரவில மட்டும் படம் அறுந்தால் அது அநேகமாய் கறன்ற் காணாமல் வாறது. பகலில கமரா 0.2 அம்பியர் அளவில இழுக்கும், ஐஆர் லைற் (இருட்டில படம் தெரியக் கமரா அடிக்கிற அகச்சிவப்பு வெளிச்சம்) எரியத் தொடங்க 0.4, 0.5 க்குப் போகும். நெற்வேர்க் வயரில ஒரு செப்புக் கம்பிக்கு மீற்றருக்கு 0.084 ஓம் தடை. போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி எண்டால் 40 மீற்றருக்கு 6.7 ஓம். 0.4 அம்பியர் போகேக்க 2.7 வோல்ற் வயருக்குள்ளயே போயிடும், கமராவுக்கு 9.3 தான் போய்ச் சேரும். 12 வோல்ற் கமராக்கள் பொதுவாய் பத்து வீதம் கூடக் குறையத்தான் தாங்கும், அதாவது 10.8 க்குக் கீழ போகப்படாது. கமரா நிண்டு திரும்ப எழும்பேக்க முழுப் படமும் மாறும், அதையும் அசைவு எண்டு எண்ணி அலேட் அனுப்பும்.

மல்ரிமீற்றர் எடுத்து, இரவில ஐஆர் எரிஞ்சுகொண்டிருக்கேக்க, கமராப் பக்கத்துப் பின்னில அளவுங்கோ. பகலில அளந்து பிரயோசனமில்லை. கமராவைக் கழட்டிப்போட்டு அளந்தாலும் பிரயோசனமில்லை, இழுக்கிற ஆள் இல்லாட்டி 12 முழுசாய்த்தான் காட்டும்.

வயரின்ர ஒரு கம்பியைச் சீவிப் பாருங்கோ. மேல செம்பு நிறமும் வெட்டின முகத்தில வெள்ளையும் தெரிஞ்சால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசினது. தடை ஒண்டரை மடங்குக்கு மேல, கணக்கு இன்னும் மோசமாய் வரும்.

பனையடி:
150 அலேட்டையும் ஒரே பிரச்சினையாகப் பார்க்க வேண்டாம். நேற்றைய பதிவுகளில் 50 ஐ வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றும் எதனால் வந்தது என்று ஒரு தாளில் கோடு போடுங்கள்: பூச்சி, வலை, வாழை, ஒழுங்கை வெளிச்சம், மனிதர். இருபது நிமிட வேலைதான். அது செய்யாமல் எதை மாற்றினாலும் இருட்டில் தடவுவதுதான்.

பூச்சியை எப்படி அடையாளம் காண்பது: ஐஆர் விளக்கு லென்ஸைச் சுற்றியே இருப்பதால், கண்ணாடிக்கு ஓரடிக்குள் பறக்கிற நுளம்பு கூடப் பெரிய வெள்ளைக் கீறாகப் படத்தை ஊடறுத்துப் போகும். வலை வேறு மாதிரி. ஒரே ஒரு நூல் லென்ஸுக்கு முன்னால் தொங்கினால், வெண்கயிறு ஒன்று காற்றுக்கு ஆடி ஆடிப் படத்தின் பாதியை மறைப்பது போலத் தெரியும். அது வந்து வந்து போகும் ஒழுங்கான ஆட்டம். பகலில் அந்த நூல் படத்தில் அநேகமாகத் தெரியவே தெரியாது. ஆகவே பகல் படத்தைப் பார்த்து "கமரா சுத்தம்" என்று முடிவெடுக்காதீர்கள். ஏணி வைத்து, மெல்லிய உலர்ந்த துணியால் கண்ணாடியையும், சுற்றியுள்ள ஒரு முழ இடத்தையும், தாழ்வாரத்தின் அடியையும் துடையுங்கள். எண்ணெய் பூசச் சொல்பவர்களும் உண்டு. கண்ணாடிப் பக்கம் அதைக் கொண்டு போகவே வேண்டாம். தூசி படிந்து ஐஆர் வெளிச்சம் சிதறும், படம் முழுக்கப் பால் ஊற்றியது போலாகும்.

மாரியில் ஈசல் கிளம்பும் நாட்களில் துடைப்பது மட்டும் காணாது. நிரந்தரத் தீர்வு, கமராவின் சொந்த ஐஆரை அணைத்துவிட்டு, 850 நானோமீற்றர் ஐஆர் விளக்கு ஒன்றைக் கமராவிலிருந்து ஆறேழு அடி தள்ளிப் பூட்டுவது. பூச்சி அந்த விளக்கடியில் பறக்கும், லென்ஸுக்கு முன்னால் வெளிச்சம் இராது. 940 நானோமீற்றர் விளக்கில் சிவப்பு மினுக்கம் கண்ணுக்குத் தெரியாதுதான், ஆனால் அதே வலுவில் வெளிச்சம் எட்டும் தூரம் குறைவு. 45 அடிக் கேற்றுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

தாழ்வாரத்தின் விளிம்பு படத்தின் மேல் மூலையில் தெரிகிறதா என்றும் பாருங்கள். கிட்ட இருக்கும் வெள்ளைச் சுவரோ பீலியோ ஐஆரைத் திருப்பி அடித்தால், கமரா வெளிச்சம் கூடிவிட்டதென்று முழுப் படத்தையும் இருட்டாக்கும். தூரத்தில் நிற்கும் ஆள் அந்த இருட்டில் கரைந்துபோவார்.

வாழைக்கு, கமரா அமைப்பில் அசைவு பார்க்கும் பகுதியைக் காட்டும் கட்டங்களில் வாழை தெரிகிறவற்றை அழித்துவிடுங்கள். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் இலை இப்போது நிற்கும் இடத்துக்கு வெளியிலும் வீசும். ஆகவே இரண்டு கட்டம் கூட்டியே அழியுங்கள். வாழையின் நிழல் விழும் நிலத்தையும் சேர்த்து.

சோளகம்:
பின் கமரா பற்றி மட்டும் எழுதிறன். பற்றறிக் கமரா படத்தைப் பாத்து அசைவைப் பிடிக்கிறேல்லை. பிஐஆர் உணரி எண்ட வெள்ளைப் பிளாஸ்ரிக் குமிழ்தான் உடம்புச் சூட்டைப் பிடிச்சு கமராவை எழுப்புது. மனுசத் தோல் 33, 34 பாகை. மத்தியானத்தில வெயில் பட்ட சீமெந்துத் தரையும் கிணத்துக் கட்டும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டுக்கு வந்திடும். வித்தியாசம் இல்லாட்டி உணரிக்கு ஆள் தெரியாது. விடியக்காலையில தரை குளிர், அதால பிடிக்குது. உங்கட கமரா பழுதில்லை.

செய்யக்கூடியது: ஆள் நேராய்க் கமராவை நோக்கி நடந்தால் பிஐஆர் நல்லாய்ப் பிடிக்காது, குறுக்க நடந்தால்தான் பிடிக்கும். அதால கமராவை கிணத்துக்கு நேர வைக்காமல், பாதை இடமிருந்து வலம் போற மாதிரிப் பக்கச் சுவருக்கு மாத்துங்கோ. உயரம் 7 அடி காணும். நிழல் விழுற தரையைப் பாக்கவிட்டால் இன்னும் நல்லது. அப்பில பற்றறி மிச்சம் பிடிக்கிற நிலை போட்டிருந்தால், ஒரு அலேட்டுக்குப் பிறகு ஒரு நிமிசம் வரை கண்ணை மூடிக்கொண்டிருக்கும், அதையும் பாருங்கோ. யன்னல் கண்ணாடிக்கு உள்ள வைக்கிற யோசனை இருந்தால் விடுங்கோ, கண்ணாடிக்குள்ளால பிஐஆர் பாக்காது.

கதியால்:
மூண்டு பேருக்கும் நன்றி. அளந்தாச்சு: பகலில 10.7, இரவில 9.3. மிச்சம் நாலு கம்பியில ரெண்டுதான் தொடுத்திருக்கு, நீலத்தில ஒண்டு, மண்ணிறத்தில ஒண்டு. துடைச்சு, வாழைப் பகுதியை அழிச்ச பிறகு அலேட் 150 இல இருந்து 40 அளவுக்கு வந்திட்டுது. மிச்சத்தில கூடுதலானது ஒழுங்கையில மோட்டர்சைக்கிள் திரும்பேக்க அடிக்கிற வெளிச்சம். உணர்திறன் 60 இலயும் கேற்றடியில நிக்கிற ஆளை மனித வடிகட்டி (ஆள் உருவம் தெரிஞ்சால் மட்டும் அலேட் அனுப்புற வசதி) பிடிக்குதில்லை.

வயர்க்கட்டு:
நீலம், வெள்ளை-நீலம் ரெண்டையும் சேத்து முறுக்கிப் பிளஸ். மண்ணிறம், வெள்ளை-மண்ணிறம் ரெண்டையும் சேத்து மைனஸ். தடை பாதியாகும், இரவில 10.7 க்கு வரும். அதுகும் விளிம்புதான். கமராவில பிஓஈ (நெற்வேர்க் வயராலயே கறன்றும் எடுக்கிற முறை) இருக்கெண்டால் அடப்டரை விட்டிட்டு பிஓஈ சுவிச் ஒண்டு போடுங்கோ. 48 வோல்ற் அளவில போறதால 40 மீற்றர் அதுக்குப் பொருட்டில்லை. ஆனால் ரெண்டையும் ஒண்டாய்க் குடுக்கப்படாது: முதல் அந்தப் பழைய 12 வோல்ற் இணைப்பைக் கழட்டி, எட்டுக் கம்பியையும் ஒழுங்காய்ப் புதுப் பின்னில அடிச்சுப்போட்டுத்தான் பிஓஈ குடுக்கலாம்.

பனையடி:
வெளிச்சத்துக்கு: சாதாரண அசைவு அலேட்டை நிறுத்திவிட்டு, கோடு கடத்தலுக்கு (படத்தில் நீங்கள் கீறும் கோட்டை ஒருவர் தாண்டினால் மட்டும் அலேட் வரும் முறை) மாறுங்கள். கோட்டைக் கேற்றில் போடாதீர்கள், கேற்றுக்கு மூன்றடி உள்ளே நிலத்தில் போடுங்கள். திசை வெளியிலிருந்து உள்ளே மட்டும். கேற்றின் கம்பி நிழல் வெளிச்சத்தோடு சேர்ந்து ஓடுவது கேற்றுக்குக் கிட்டத்தான் கூட.

ஆளைப் பிடிக்காததற்குக் காரணம் லென்ஸ். 2.8 மி.மீ. லென்ஸ் 100 பாகை அளவில் அகலமாகப் பார்க்கிறது. 45 அடியில் 33 மீற்றர் அகலத்தை 2560 புள்ளிகளுக்குள் அடைக்க வேண்டும். அங்கே நிற்கிறவர் படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கும் வரமாட்டார். இரவில், அதுவும் 11 அடி உயரத்திலிருந்து கீழே பார்க்கையில், வடிகட்டிக்கு அது மனித உருவமாகத் தெரியாது. 6 மி.மீ. லென்ஸ் என்றால் அதே ஆள் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரிவார். இந்தக் கமராவை 8 அடிக்கு இறக்கி முற்றத்துக்கு விடுங்கள், கேற்றுக்கென்று 6 மி.மீ. ஒன்று தனியாகப் போடுங்கள். ஒழுங்கைக்கு எதிர் வீட்டு முற்றம் அதில் விழுந்தால் கமரா அமைப்பில் அந்தப் பகுதிக்கு மறைப்புப் பெட்டி போட்டு மூடிவிடுங்கள், அவர்களுக்கும் அது மரியாதை.

வயர்க்கட்டு:
ஒண்டு விட்டிட்டன். கறன்ற் போய் வந்த பிறகு என்விஆரில (கமராப் படங்களைப் பதியிற பெட்டி) திகதியைப் பாருங்கோ. 2000 ஆம் ஆண்டு எண்டு காட்டினால் உள்ள இருக்கிற சிஆர் 2032 பற்றறி செத்திட்டுது. நேரம் பிழைச்சால் இரவுக்கெண்டு போட்ட அலேட் அட்டவணை பகலில ஓடும், பதிவு இருந்தும் தேடினால் கிடைக்காது. பற்றறியை மாத்தி, நேர வலயத்தை +5:30 எண்டு போட்டு, இணையத்தில இருந்து நேரம் எடுக்க விடுங்கோ.

எல்லாம் முடிஞ்சாப் பிறகு, இரவு எட்டு மணிக்குக் கறுத்தச் சேட்டோட ஒராள் கேற்றால, மதிலோரத்தால, கிணத்தடியால எண்டு மூண்டு வழியாலயும் மெதுவாய் நடக்கட்டும். எந்த வழியில அலேட் வரேல்லை எண்டு இங்க எழுதுங்கோ.