செஸ்ட்நட் காட்டுப் பாதையில் கைப்பேசிப் பதிவு நேர்கோடாகிவிடுகிறது. குறைந்த செலவில் சரிசெய்ய முடியுமா?

சுவாசூகாங்_அப்பா

வணக்கம். நானும் பதினான்கு வயது மகனும் நான்கு மாதமாக ஞாயிறு காலைகளில் சிங்கப்பூரின் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறோம். இரண்டு சிக்கல்களில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலாவது, பதிவு. என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஓர் இலவசச் செயலியை வைத்துப் பதிவு செய்கிறேன். வீட்டிலிருந்து பூங்கா வரைக்கும் சாலையை ஒட்டி அழகாகக் கோடு விழுகிறது. காட்டுக்குள் நுழைந்ததும் வளைவுகள் காணாமல் போகின்றன. ஓரிடத்தில் ஏறக்குறைய நானூறு மீட்டருக்கு ஒரே நேர்கோடு. மகனின் சைக்கிளில் சக்கரக் காந்தத்துடன் ஒரு பழைய மீட்டர் இருக்கிறது. அது 14.2 கி.மீ. காட்டிய அன்று என் கைப்பேசி 11.6 கி.மீ. காட்டியது.

இரண்டாவது, வழி. சென்ற வாரம் பாதை பிரியும் இடத்தில் தவறான பக்கம் திரும்பிக் கடினமான பகுதிக்குள் போய்விட்டோம். மகன் விழுந்து முழங்கை சிராய்ந்தது. வரைபடம் பார்க்க வேண்டுமென்றால் நிற்க வேண்டும், பையைத் திறக்க வேண்டும், வியர்த்த விரலுக்குத் திரை பணிவதில்லை. கைப்பேசியை ஹேண்டில்பாரில் மாட்டிவிடலாமா?

ஒரு கடையில் விசாரித்தேன். ஐந்நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேற்பட்ட கருவியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். எங்களால் நூற்றைம்பது வெள்ளிக்கு மேல் போக முடியாது. மகன் ஒவ்வோர் ஓட்டத்தின் தூரத்தையும் நேரத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறான். அந்த எண்கள் உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறான். எனக்கும் அதே ஆசைதான்.

ஈரமண்

பணத்தை எடுப்பதற்கு முன் நோயைக் கண்டுபிடிப்போம். காட்டுப் பாதைப் பதிவு இரண்டு விதமாகக் கெடும். கோடு நடுங்கி, பாதைக்கு இருபுறமும் அலைந்தால் சிக்னல் கெடுகிறது என்று பொருள். ஈரமான இலைகள் செயற்கைக்கோள் சிக்னலை உறிஞ்சுகின்றன, மரத்தண்டுகள் திருப்பியடிக்கின்றன. ஆனால் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நானூறு மீட்டர் நேர்கோடு விழுந்தால், அந்த நேரம் முழுவதும் கைப்பேசி எதையும் எழுதவே இல்லை. பெரும்பாலும் பேட்டரியைச் சேமிப்பதற்காக அதுவே செயலியைத் தூங்க வைத்திருக்கும்.

எது என்று பார்ப்பது எளிது. அந்த ஓட்டத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கிக் கணினியில் சாதாரண உரைத் திருத்தியில் திறங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அகலாங்கு, நெட்டாங்கு, நேரம் இருக்கும். நேர்கோடு விழுந்த இடத்தில் நேரம் நொடிக்கு நொடி நகர்கிறதா, தாவுகிறதா?

சுவாசூகாங்_அப்பா

மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். நேரம் நள்ளிரவைக் காட்டியதால் முதலில் தவறான கோப்பு என்று நினைத்துவிட்டோம். கோப்பில் உலகப் பொது நேரம்தான் எழுதப்படுகிறது, நம் நேரத்துக்கு எட்டு மணி கூட்ட வேண்டும் என்று அவன்தான் கண்டுபிடித்தான். 00:41:07க்கு ஒரு புள்ளி. அடுத்த புள்ளி 00:42:29. இடையில் 82 நொடிகளுக்கு ஒன்றுமே இல்லை. இதுபோல் ஐந்து இடங்கள்.

ஈரமண்

அப்படியென்றால் முதல் குற்றவாளி காடு இல்லை.

கைப்பேசியின் அமைப்புகளில் அந்தச் செயலியைத் திறந்து, பேட்டரிப் பயன்பாட்டைக் கட்டுப்பாடு இல்லாத நிலைக்கு மாற்றுங்கள். ஆங்கில இடைமுகத்தில் 'அன்ரிஸ்ட்ரிக்டட்' என்று இருக்கும். பேட்டரி சேமிப்பு முறையை ஓட்டத்தின்போது முழுவதும் அணைத்துவிடுங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது இயங்கும்போது திரை அணைந்ததும் இருப்பிடச் சேவையும் நின்றுவிடுகிறது. துல்லிய இருப்பிடத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பேட்டரி மேலாளரையும் சேர்த்து வைக்கிறார்கள். அதிலும் இதே விலக்கைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

பதிவு இடைவெளி ஒரு நொடியாக இருக்கட்டும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஒரு நொடியில் நான்கு மீட்டர் போகிறோம், ஐந்து நொடியில் இருபது மீட்டருக்கு மேல். செஸ்ட்நட்டின் கொண்டைஊசி வளைவு முழுவதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுங்கப்பட்டுவிடும். தூரம் குறைவதற்கு இதுவும் காரணம்.

இன்னொன்று. பதிவைத் திறந்தவெளியிலேயே தொடங்குங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை அரை நிமிடத்துக்கு ஒரு முறைதான் ஒலிபரப்புகிறது. கைப்பேசி பொதுவாக இணையம் வழியே அதை விரைவாகப் பெற்றுக்கொள்ளும். ஆனாலும் வாகன நிறுத்துமிடத்தில் ஒரு நிமிடம் நின்று, இருப்பிடம் நிலைத்த பிறகு மரநிழலுக்குள் போவது நல்லது.

பணம் கேட்காத, கணக்குத் திறக்கச் சொல்லாத பதிவுச் செயலி வேண்டுமென்றால் ஓப்பன்டிராக்ஸைப் பாருங்கள். திறந்தமூலச் செயலி. அதற்கு இணைய அனுமதியே கிடையாது, பதிவு உங்கள் கைப்பேசியிலேயே இருக்கும்.

கெட்டாம்_காலை

ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். மகனின் கைப்பேசியையும் மாட்டவிடாதீர்கள்.

உபின் தீவில் கெட்டாம் மலைச் சைக்கிள் பூங்காவில் ஒரு வருடம் அப்படி மாட்டி ஓட்டினேன். பிறகு என் கைப்பேசியின் கேமரா எந்தப் படத்திலும் குவியவில்லை. நடுக்கத்தை ஈடுசெய்ய லென்ஸைத் தாங்கும் நுண்ணிய பொறியமைப்பு தொடர் அதிர்வைத் தாங்காது. மோட்டார்சைக்கிள் எஞ்சின்களின் பலத்த அதிர்வு கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்தது. சைக்கிளில் எஞ்சின் இல்லைதான். ஆனால் வேர்களும் கற்களும் கொடுக்கும் அடி சின்னதில்லை. விழுந்தால் முதலில் தரையில் மோதுவதும் ஹேண்டில்பார்தான்.

பதிவு செய்யும் கைப்பேசியை முதுகுப்பையின் மேல் அறையில், தோளுக்குப் பக்கத்தில் வையுங்கள். இடுப்புப் பையிலோ காற்சட்டைப் பையிலோ வைத்தால் உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைத்துவிடும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது சிக்னலை விழுங்கிவிடும். தண்ணீர்ப் பைக்கு அடியிலும் வைக்க வேண்டாம்.

வழி பார்க்க, வீட்டில் மேசை அறையில் கிடக்கும் பழைய கைப்பேசியை எடுங்கள். சிம் அட்டை தேவையில்லை. ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள் ஒலிபரப்புவதைக் கேட்பது மட்டும்தான், அதற்கு எந்தக் கட்டணமும் இல்லை. வீட்டு வைஃபையில் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் செயலியைப் போட்டு, சிங்கப்பூர் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, மக்களே சேர்ந்து வரையும் வரைபடத்தின் தரவைத்தான் காட்டுகின்றன. ஓஸ்மாண்டில் மலைச் சைக்கிள் பாதைகளின் கடினத்தையும் வரைபடத்தில் தெரியும்படி செய்யலாம். முதலில் இரண்டு பேருமாகப் பாதையின் தொடக்கத்தில் உள்ள பலகையைப் படியுங்கள். நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். உங்கள் மகன் விழுந்த அன்று அந்தப் பலகையைக் கவனிக்காமல் கடந்திருப்பீர்கள். நானும் அப்படிக் கடந்து, கன்னத்தில் தையல் போட்டுக்கொண்டேன்.

ஒரு சின்னச் செய்தி: உபினுக்குப் போகும்போது தரவு ரோமிங்கை அணைத்துவிடுங்கள். தீவின் வடக்குப் பக்கத்தில் கைப்பேசி மலேசியாவின் ஜொகூர் பக்கத்துக் கைப்பேசிக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பெடல்_எழுபத்திரண்டு

இவ்வளவு அலைச்சல் எதற்கு? நுழைவு நிலை சைக்கிள் கணினி ஒன்று வாங்கிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. ஐஜிபிஸ்போர்ட், சோஸ், பிரைட்டன் போன்றவை உங்கள் பணத்துக்குள் வரும். வெயிலில் திரை தெளிவாகத் தெரியும், கையுறையோடு பொத்தானை அழுத்தலாம், ஒரு சார்ஜில் பல ஓட்டங்கள் தாங்கும். மழை வந்தாலும் கவலையில்லை. அதற்கு அதிர்வும் பழக்கம்தான். கைப்பேசி அவசர அழைப்புக்கு முழுப் பேட்டரியோடு பையில் இருக்கட்டும். அதன் முக்கிய வேலை ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைப்பதுதான். நாற்பது வயதைத் தாண்டிய எனக்கு இது பெரிய நிம்மதி.

ஈரமண்

பேட்டரி பற்றி நீங்கள் சொன்னதை முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சிறு பவர்பேங்கையும் கூடவே எடுத்துப் போக வேண்டும்.

ஆனால் அந்த விலையில் வழிகாட்டுதல் என்பது பெரும்பாலும் வெற்றுத் திரையில் ஓடும் ஒற்றைக் கோடுதான். சில கருவிகளில் அதுவும் கிடையாது, பதிவு மட்டும்தான் உண்டு. சாலையில் அந்தக் கோடு போதும். செஸ்ட்நட்டில் இரண்டு பாதைகள் பத்து மீட்டர் இடைவெளியில் இணையாக ஓடும் இடங்கள் உண்டு. மரத்தடியில் பிழையே பத்து மீட்டர் இருக்கும்போது, கோட்டின் மேல் இருக்கிறோமா பக்கத்தில் இருக்கிறோமா என்று அந்தச் சிறு திரை சொல்லாது. முழு வரைபடத்தில் பிரியும் கிளையின் வடிவத்தையாவது பார்க்கலாம். இலவசமாக ஆகும் வேலையை முதலில் செய்து பார்த்துவிட்டு, பிறகு வாங்குவதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

பட்டறை_மாமா

தம்பி, செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு பொருள் வாங்குங்கள்: சக்கர மையத்தில் ரப்பர் பட்டையால் மாட்டும் வேக உணரி. காந்தம் வேண்டாம், புளூடூத்தில் பேசும். முப்பது வெள்ளி அளவில் நான் வாங்கினேன். மரம் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதில் பிழை வராது. ஓப்பன்டிராக்ஸ் இதை நேரடியாக ஏற்றுக்கொள்கிறது. தூரத்தை உணரியிலிருந்தும் கோட்டை ஜிபிஎஸிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

தூரத்தைக் கணக்கிடத் தேவையான சக்கரச் சுற்றளவைப் பெட்டியில் உள்ள அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள். ஓட்டும் காற்றழுத்தம் டயரில் இருக்கட்டும். காற்றடைக்கும் வால்வைத் தரைக்கு நேராக நிறுத்தி, சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். மகனைச் சைக்கிளில் உட்கார வைத்து, வால்வு மறுபடி கீழே வரும் வரை நேராக உருட்டி, இன்னொரு கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். ஆள் உட்காரும்போது டயர் நசுங்கும், அதுதான் உண்மையான அளவு. என் 29 அங்குலச் சக்கரத்துக்கு 2.28 மீட்டர் வந்தது. இதில் நூற்றுக்கு ஒன்று பிசகினால் பத்துக் கிலோமீட்டருக்கு நூறு மீட்டர் பிசகும். மூன்று முறை உருட்டி மூன்றால் வகுப்பது இன்னும் நல்லது.

மகனின் பழைய மீட்டரிலும் இந்த எண்ணைப் போட்டீர்களா? 14.2 சரி என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

மழைக்காடு_நேசன்

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கோடு இருக்கிறது என்பதால் அங்கே சைக்கிள் ஓட்டலாம் என்று பொருளில்லை. நடைபாதைகளும், மூடப்பட்ட தடங்களும் அதில் இருக்கும். இயற்கை வனப்பகுதிகளில் தேசியப் பூங்காக் கழகம் ஒதுக்கிய பாதைகளுக்கு வெளியே சைக்கிள் ஓட்டுவது குற்றம். ராணுவப் பயிற்சிப் பகுதிகளை ஒட்டியும் தடங்கள் தெரியலாம், அங்கே போகவே கூடாது. பிறர் பதிவுகளைச் சேர்த்து வரைந்த வெப்ப வரைபடத்தைப் பார்த்து வழி தேடாதீர்கள். எல்லை மீறிய ஒருவரின் தடத்தை அடுத்தவர் பின்பற்ற, சில மாதங்களில் அங்கே மண் அரித்துவிடுகிறது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை.

பதிவை இணையத்தில் ஏற்றும்போது தொடக்கமும் முடிவும் மறையும்படி அமையுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே அடுக்குமாடி புளோக்கிலிருந்து கிளம்பும் சிறுவனின் தடத்தை ஊரே பார்க்க வேண்டியதில்லை.

சுவாசூகாங்_அப்பா

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு முடிவைச் சொல்கிறேன்.

பேட்டரி விலக்கை இரண்டு இடங்களிலும் கொடுத்தேன். ஈரமண் சொன்னதுபோல் தயாரிப்பாளரின் மேலாளர் ஒன்று ஒளிந்திருந்தது. ஓப்பன்டிராக்ஸில் பதிவு, கைப்பேசி தோளுக்குப் பக்கத்தில். கோப்பில் ஒரு நொடி கூட விடுபடவில்லை. கோடு அங்கங்கே நடுங்குகிறது, ஆனால் எல்லா வளைவும் இருக்கிறது.

மகனின் மீட்டரில் 26 அங்குலச் சக்கரத்தின் எண் இருந்தது. அவன் சைக்கிள் 24 அங்குலம்! அது இத்தனை நாளும் கூட்டியே காட்டியிருக்கிறது. பட்டறை மாமா சொன்ன முறையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் மூன்று முறை உருட்டி அளந்து போட்டோம். இந்த வாரம் மீட்டர் 13.0, கைப்பேசி 12.7. அவன் நோட்டில் பழைய எண்கள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் திருத்திய எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறான். உணரியை அடுத்த மாதம் வாங்குவோம்.

வழிக்கு மனைவியின் பழைய கைப்பேசி. பிரியும் இடத்தில் நின்று பலகையையும் வரைபடத்தையும் சேர்த்துப் பார்த்தோம், தவறவில்லை.

ஒன்றே ஒன்று மிச்சம். வாகன நிறுத்துமிடத்தில் காலை எட்டு மணிக்கு ஓர் உயரம், பதினொன்றரைக்கு அதே இடத்தில் வேறோர் உயரம். பன்னிரண்டு மீட்டர் வித்தியாசம். இதுவும் அமைப்பில் உள்ள கோளாறா?

ஈரமண்

இல்லை. உங்கள் கைப்பேசியில் காற்றழுத்தமானி இருக்கக்கூடும். ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் மாறினால் அது எட்டு மீட்டருக்குச் சற்று மேல் உயரம் மாறியதாகக் கணக்கிடுகிறது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் காற்றழுத்தம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நான்கு மணியளவில் தாழ்வு. அதனால் நகராமல் நின்றாலும் உயரம் நகரும். ஆனால் எட்டும் பதினொன்றரையும் உச்சத்துக்கு இருபுறமும் விழுவதால், பன்னிரண்டு மீட்டர் முழுவதும் இதனால் மட்டும் வந்திருக்காது. வியர்வையோ மழைநீரோ அதன் துளையை அடைத்தாலும் எண் தாறுமாறாகும். முதலில் அதைத் துடைத்துவிடுங்கள். ஏற்றத்தின் மொத்தக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூரின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றின் உச்சியே 163 மீட்டர்தான், அந்தச் சிறிய ஏற்றங்களில் பன்னிரண்டு மீட்டர் பெரிய பங்கு. நோட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள், அல்லது ஓட்டத்தின் தொடக்க அழுத்தத்தையும் முடிவு அழுத்தத்தையும் அவனே குறித்துக்கொள்ளட்டும். நோட்டுப் பிள்ளைக்கு அது பிடிக்கும்.

சுவாசூகாங்_அப்பா

இப்போதே இரண்டு புதிய கட்டங்கள் வரைந்துவிட்டான்.