புதுப்பிப்பு: 3 ஏக்கர் தென்னந்தோப்புக்கு எந்த டிராக்டர்? வாங்கியாச்சு

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கருவியோடு சேர்த்து 4 லட்சத்துக்குள் பழைய 35 குதிரைத்திறன் வண்டியா, மினி டிராக்டரா, கையால் பிடித்து ஓட்டும் பவர் டில்லரா என்று கேட்டிருந்தேன். கடைசியில் வாங்கியது, ஒரே கை மாறிய 24 குதிரைத்திறன் மினி, நான்கு சக்கர இயக்கம்.

முடிவுக்கு உதவியது "முதலில் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள்" என்ற யோசனைதான். பெரிய வண்டி வரப்போரம் திரும்பவே திணறியது. தாழ்ந்த மட்டைகள் வேறு இடித்தன.

பழைய வண்டி பார்ப்பவர்களுக்கு: எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ரொட்டவேட்டரை (பின்னால் மாட்டும் சுழல் கலப்பை) தூக்கிவிட்டு எஞ்சினை அணையுங்கள். மளமளவென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் செலவு காத்திருக்கிறது. ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்று) கடன் பதிவு நீங்கியதா என்பதும் முக்கியம். நான் பார்த்த ஒரு வண்டி அதில்தான் தட்டிப்போனது.

எதிர்பாராத தலைவலி, சொட்டுநீர்க் குழாய். ஓட்டும் முன் சுருட்டி வைக்காவிட்டால் ரொட்டவேட்டர் தண்டில் சுற்றிக்கொள்கிறது. மட்டை நாரும் அப்படித்தான், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலையே கெடுத்துவிடும். மரத்தடியில் சுமார் 6 அடிக்கு நான் ஓட்டுவதில்லை, வேர் அறுபடும். அங்கே இன்னும் மண்வெட்டிதான்.