18 பீரங்கி இருந்தும் வின்செகோ கப்பல் ஏன் சரணடைஞ்சது?

கல்லடிப் பொடியன்:
நம்மட கடல்ல 1942ல தாண்ட ஹேர்மிஸ் கப்பலைப் பத்தித் தேடிக்கொண்டு போனா எப்பிடியோ நெப்போலியன் காலத்துக்குள்ள போய் விழுந்துட்டன். வின்செகோ எண்டு ஸ்பெயின் நேவிட சின்னக் கப்பல் ஒண்டு, ரெண்டு பாய்மரம் உள்ள பிரிக் வகை, 1799 மார்ச்சில மத்தியதரைக் கடல்ல கோமரண்ட் எண்ட இங்கிலீஸ் கப்பல் பிடிச்சு தங்கட நேவியில சேர்த்துட்டானுகள். மறுகா 1804 மே 8ல பிரான்ஸ் கரையில, கீபெரோன் குடாவுக்குள்ள, துடுப்பு வலிச்சு வந்த பிரெஞ்சுப் படகுகள்ட்ட சரணடைஞ்சிருக்கு. 18 பீரங்கி கிடந்தும் படகுகளுக்கு எப்பிடிகா தோத்தது? ஆராச்சும் சொல்லுங்களன்.

முகத்துவாரத்தான்:
தம்பி, பீரங்கிய விடுங்க, காத்து இல்ல. அவ்வளவுதான் கதை. முகத்துவாரத்துக்கு வெளிய எஞ்சின் நிண்ட போட் நீரோட்டத்துல எப்பிடிக் கிடக்கும், அந்தக் கிடைதான். ஆக்கள் பெரிய துடுப்பப் போட்டு வலிச்சு வலிச்சே களைச்சுப் போய்ட்டானுகள், அதுக்குள்ள ஆள் வேற காணாது, கன பேர் சின்னப் பொடியன்மார். அப்பதான் பக்கத்துல உள்ள மோர்பிஹான் எண்ட குடாப் பக்கத்தால 17 பிரெஞ்சுப் படகு வருது. படகு எண்டோண்ண நம்மட வள்ளம் மாதிரி நினைக்காதிங்க, பாரமான நீளப் பீரங்கி பூட்டின படகுகள். வின்செகோவில கிடந்தது பெரும்பாலும் காரனேட், கட்டைப் பீரங்கி, 18 றாத்தல் குண்டு, கிட்ட வந்தா பலகையப் பிளந்து எறியும் ஆனா தூரத்துக்கு எட்டாது. அவனுகள் எட்டத்துல இருந்தே அடிச்சுக்கொண்டு வந்து பிறகு தங்களுக்கு வசதியான பக்கமாப் பாத்துக் கிட்ட நிண்டு அடிச்சானுகள், கப்பலுக்கு திரும்பவும் ஏலாது. அப்பிடி இருந்தும் ரெண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட தாக்குப்பிடிச்சிருக்கு, எனக்கு அதுதான் பெரிய விசயம்.

அக்கரைப்பத்து காக்கா:
கப்பலை விட கேப்டன்ட கதைதான் பயங்கரம். ஜோன் வெஸ்லி ரைட், நேவி ஆள்தான் ஆனா பாதி வேலை உளவு. நெப்போலியன கவுக்கத் திட்டம் போட்ட கடூடால், ஜெனரல் பிஷெகுறு எல்லாரையும் ராவோட ராவா பிரான்ஸ் கரையில பிவீல் எண்ட இடத்துல மலைச்சரிவுக்குக் கீழ கரை இறக்கினது இவர்தான். இதுக்கு முதலும் 1796ல சிட்னி ஸ்மித் எண்ட இங்கிலீஸ் நேவி கேப்டனோட பிடிபட்டு பாரிஸ் டெம்பிள் சிறையில கிடந்து, 98ல பொய்க் கடிதம் காட்டி வெளிய வந்த ஆக்கள். இப்ப திரும்பவும் அதே சிறை. கடூடால் வழக்குல சாட்சிக்குக் கொண்டு வந்து நிப்பாட்டினா, நான் யுத்தக் கைதி, என்ட அரசாங்கத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லுவன் எண்டு வாயே திறக்கல்ல. 1805 ஒக்டோபர் கடைசியில கழுத்து அறுபட்டு மையித்தாக் கிடந்தார், தற்கொலையாம். ஆரு நம்புவான்?

முகத்துவாரத்தான்:
காக்கா, கோவிக்காதிங்க, கொலை எண்டா ஏன் அவ்வளவு காலம் வச்சிருந்தானுகள்? கடூடால்ட தலைய 1804 ஜூனிலயே வெட்டியாச்சு, வழக்கு முடிஞ்சுது. ரைட் செத்த நேரம் நெப்போலியன் பாரிசிலயே இல்ல, ஜெர்மனிப் பக்கம் உல்ம் எண்ட ஊருல ஒஸ்ட்ரியாக்காரன அடிச்சுப்போட்டு நிக்கிறான்.

அக்கரைப்பத்து காக்கா:
ஆள் ஊருல இல்லாட்டி கட்டளை போகாதா தம்பி? அதே டெம்பிள்ல 1804 ஏப்ரல்ல பிஷெகுறுவும் கழுத்து நெரிபட்டுத்தான் கிடந்தான், அதையும் தற்கொலை எண்டுதான் எழுதினானுகள். ஒரே சிறையில ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் கழுத்துலயா? நெப்போலியன் விழுந்த பிறகு சிட்னி ஸ்மித் பாரிசுக்குப் போய் ஆள் ஆளா விசாரிச்சதும் சும்மா இல்ல.

கல்லடிப் பொடியன்:
நான் காத்தப் பத்தித்தான் கேட்டன், நீங்க ரெண்டு பேரும் கோட்டுக்கே கொண்டு போய்ட்டிங்க. ஹேர்மிஸ் வேற திரட்ல போடுறன்.