ஃப்ரீ த்ரோவின்போது கோட்டில் யார் எங்கே நிற்பது?

உப்புவெளி ஆசிரியை:
வணக்கம். எங்கள் பாடசாலையின் 16 வயதிற்குட்பட்ட பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான்தான் பொறுப்பு. சனிக்கிழமை திருகோணமலையில் நடந்த ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தோம். எதிரணியின் இரண்டாவது ஃப்ரீ த்ரோ (தவறுக்குத் தண்டனையாக, யாரும் தடுக்காமல் எறிய விடும் எறிதல்) வளையத்தில் பட்டுத் தெறித்து எங்கள் பிள்ளையின் கைக்கே வந்தது. உடனே விசில். அவள் முன்கூட்டியே கூடைக்கு முன்னுள்ள கட்டத்துக்குள் கால் வைத்துவிட்டாளாம். திரும்ப எறியச் சொன்னார்கள், அது விழுந்தது. மேலதிக நேரத்தில் தோற்றோம். அதற்கு முன்பே, அந்தக் கட்டத்தின் பக்கக் கோட்டில் நின்ற எங்கள் நாலாவது பிள்ளையையும் மத்தியஸ்தர் அங்கிருந்து விலகச் சொல்லியிருந்தார். நான் பார்த்த அமெரிக்கப் பாடசாலை வீடியோவில் நான்கு பேர் நிற்கிறார்களே? முன்கூட்டியே கால் வைத்த பிள்ளை இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

பாலையூற்றுத் தம்பி:
அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை விதி வேறு, டீச்சர். இங்கே ஆடுவது ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதிப்படி. தடுக்கும் அணிக்கு மூன்று பேர், எறியும் அணிக்கு இரண்டு பேர், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற மத்தியஸ்தர்:
தம்பி சொன்னது சரி. கூடைக்கு மிக அருகே இருபுறமும் தடுப்பவர்கள். அடுத்து 40 சென்டிமீற்றர் அகலத்தில் யாரும் நிற்கக்கூடாத பட்டை. அதற்கப்பால் எறியும் அணியின் இருவர். மூன்றாவது இடத்தில், ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும், தடுப்பவர் ஒருவர். மற்ற எல்லோரும் ஃப்ரீ த்ரோ கோட்டின் நீட்சிக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் பின்னால் நிற்க வேண்டும்.

உள்ளே நுழையும் நேரத்தில்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். எறிபவர் பந்து வளையத்தில் படும்வரை ஃப்ரீ த்ரோ கோட்டை மிதிக்கக்கூடாது. எறிய அவருக்கு ஐந்து வினாடி. ஓரத்தில் நிற்பவர்களோ பந்து அவர் கையை விட்டதும் நுழையலாம். உங்கள் பிள்ளை அதற்கு முன் நகர்ந்து, எறிந்தது தவறினால், மறு எறிதல் தருவது முறைதான். விழுந்திருந்தால் புள்ளியைக் கொடுத்துவிட்டு அந்த மீறலைக் கவனிக்காமல் விடுவார்கள்.

கூடையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளை அவசரப்படும். எறிபவரின் மணிக்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு மடிந்து விரல்கள் கீழே விழும் அந்தக் கணத்தில் கால் எடுத்தால் போதும். ரீபவுண்ட், அதாவது தெறித்து வரும் பந்தைப் பிடிப்பதில், நான் பார்த்த நல்ல வீராங்கனைகள் எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள்.

உப்புவெளி ஆசிரியை:
நன்றி ஐயா. மணிக்கட்டு விஷயத்தை நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. இன்னொன்று: பச்சைக் காலுறை போட்ட அவர்களுடைய பிள்ளையும் அதே நேரத்தில் உள்ளே வந்தாள். நான் கண்ணால் கண்டேன்.

ஓய்வுபெற்ற மத்தியஸ்தர்:
இருவரும் மீறி, கடைசி எறிதல் தவறியிருந்தால், மறு எறிதல் கிடையாது. மாற்று உடைமை அம்பு (அடுத்த முறை பந்து எந்த அணிக்கு என்று மேசையில் காட்டும் அம்புக்குறி) யார் பக்கம் காட்டுகிறதோ அவர்களுக்குப் பந்து. அதை மத்தியஸ்தர் பார்த்திருக்க வேண்டும். நான் அங்கே இல்லாததால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது.

உங்கள் ஆடுகளத்தில் அந்த இடக்குறிகள் தெளிவாக இருக்கின்றனவா?

உப்புவெளி ஆசிரியை:
இல்லை ஐயா. சீமெந்துத் தரை, மழைக்கு எல்லாம் அழிந்துவிட்டன. ஃப்ரீ த்ரோ கோடு மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

ஓய்வுபெற்ற மத்தியஸ்தர்:
பிள்ளைகளுக்குக் கோடு தெரியாமல் கால் எங்கே நிற்கும்? கூடைக்குப் பின்னால் உள்ள இறுதிக் கோட்டின் உள்விளிம்பிலிருந்து 1.75 மீற்றர் அளந்து முதல் குறி. பிறகு 85 சென்டிமீற்றர், பட்டைக்கு 40, மறுபடி 85, இன்னுமொரு 85. வெள்ளைப் பெயின்ட் ஒரு சின்ன டின் போதும். வியாழன் மாலை வெயில் தாழ்ந்ததும் அளவு நாடாவோடு வருகிறேன். அந்தப் பிள்ளையையும் நிற்கச் சொல்லுங்கள். நாடாவின் மறுமுனையை அவள் பிடிக்கட்டும்.